புதுப்பிப்பு: ஆவுளியா பதிவுப் படிவத்தில் மாற்றங்கள்

பாக் விரிகுடாவில் ஆவுளியா (கடற்புல் மேயும் கடற்பசு) தென்படும் இடங்களை மீனவர்களோடு சேர்ந்து பதிவு செய்யும் முறையை முந்தைய இழையில் போட்டிருந்தோம். இப்போதைய நிலவரம் இது.

விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். நாட்டுப்படகுகளுக்கு மற்ற நாட்கள். மீனவர் கூட்டத்தை இரு தரப்புக்கும் தனித்தனியாக வையுங்கள். இரு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்தால் வலைத் தகராறே பேச்சாகிவிடும், கடற்புல் பக்கம் யாரும் வரமாட்டார்கள்.

துல்லியமான ஜி.பி.எஸ். புள்ளி கேட்காதீர்கள். மீன்படும் இடம் அவர்கள் சொத்து. வற்புறுத்தினால் தவறான புள்ளிதான் வரும். 5 கி.மீ. கட்டம் போட்ட வரைபடத்தில் விரல் வைக்கச் சொன்னால் போதும். ஆழத்தைப் பாகக் கணக்கிலேயே எழுதுங்கள், மீட்டராக்குவது நம் வேலை (ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர்).

பதிவில் பெரிய ஓட்டை, ஆவுளியா வலையில் சிக்கியதை மீனவர்கள் சொல்லத் தயங்குவது. 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு, வழக்கு வருமோ என்ற பயம் நியாயமானதே. அதனால் படிவத்திலிருந்து பெயரும் படகு எண்ணும் நீக்கப்பட்டன. உயிரோடு விடுவித்தவர் வனத்துறை வெகுமதிக்குத் தரும் மனு தனித் தாள். பெயர் அதில் மட்டும்.

தொகுத்த வரைபடம் முதலில் ஊர்க் கூட்டத்துக்கு, பிறகே வனத்துறைக்கு. 2022 செப்டம்பரில் அறிவித்த 448 சதுர கி.மீ. ஆவுளியா காப்பகத்தின் எல்லையையும் அதிலேயே வரைந்து காட்டுங்கள்.