மடக்குக் கூரைக் கார்களின் கிறீச்சொலியும் கடகடப்பும்: திருகோணமலை அனுபவங்கள்

உவர்மலையிலிருந்து ஓர் உறுப்பினர்:

மடக்குக் கூரைக் கார் என்றால் சத்தம் போடத்தான் செய்யும் என்று விட்டுவிடுகிறவர்கள் பலர். நிலையான கூரை இல்லாத உடல் மேடுபள்ளத்தில் சற்றே முறுகும் என்பது உண்மை. ஆனால் அந்த முறுகலைச் சத்தமாக்குவது, எங்கள் ஊரைப் பொறுத்தவரை, கடற்காற்றோடு வந்து இடுக்குகளில் படியும் உப்பும் நுண்மணலுமே என்பது, பழைய மஸ்டா யூனோஸ் ரோட்ஸ்டர் ஒன்றை நிலாவெளி வீதியில் ஓட்டிவரும் எனது எண்ணம்.

சத்தம் கூரையிலிருந்துதான் வருகிறதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். கூரையை மடித்துவிட்டு அதே வீதியில் அதே வேகத்தில் சென்றாலும் சத்தம் தொடருமானால், கதவுக்குள் தளர்ந்த கண்ணாடியையோ, பின்னால் கட்டாமல் கிடக்கும் ஜாக்கியையோதான் தேட வேண்டும். இச்சோதனைக்கு நான் 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தைத் தேர்ந்தெடுப்பதுண்டு. அதன் இணைப்புகளைக் கடக்கும்போது தட்டல் சீராக வருவதால், பக்கத்து ஆசனத்தில் இருப்பவர் சந்தேகமான இடங்களை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்க்கலாம். எந்த இடத்தை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ, அதுவே நாம் தேடும் இடம்.

கிறீச்சென்று வருவது பெரும்பாலும் இறப்பர் பீடிங், அதாவது கூரை விளிம்பின் இடைவெளியை அடைக்கும் இறப்பர் பட்டி, கண்ணாடியிலோ பெயின்றிலோ உராய்வதால். கடகடவென்று வருவது இரும்பும் இரும்பும் இடைவெளிவிட்டு மோதுவதால். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. பீடிங்கை மென்மையான சவர்க்கார நீரால் கழுவி, நிழலில் நன்றாகக் காயவிட்ட பிறகே சிலிக்கோன் கிரீஸை மிக மெல்லியதாகப் பூச வேண்டும். மணலை அகற்றாமல் பூசினால் கிரீஸ் அதைப் பிடித்துவைத்துப் பெயின்றையே தேய்த்துவிடும். கராஜ்களில் கைக்கு எட்டும் சாதாரண கிரீஸையும் எஞ்சின் ஒயிலையும் தடவ விடாதீர்கள். கார்களின் பீடிங் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற வகை இறப்பராலானது. பெற்றோலிய எண்ணெய் பட்டால் அது ஊதிப்போய்த் தன் பிடிப்பை இழக்கும்.

கடகடப்புக்கு முன்கண்ணாடியின் மேல்விளிம்பைப் பற்றும் இரு கொளுக்கிகளையும் பார்க்க வேண்டும். ஒரு கடதாசித் துண்டை பீடிங்குக்கும் சட்டகத்துக்கும் இடையில் வைத்துக் கூரையைப் பூட்டி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கி வந்தால் அந்தப் பக்கக் கொளுக்கி தளர்ந்திருக்கிறது; சிறிது சிறிதாகவே இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் பீடிங் நசுங்கிவிடும்; அப்போதைக்குச் சத்தம் அடங்கினாலும் மாரி தொடங்கியதும் மடியில் தண்ணீர் சொட்டும்.

சீனக்குடாவிலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணன் சொன்ன கடதாசிச் சோதனை என்னுடைய மொரிஸ் மைனருக்கும் பொருந்தியது. ஆனால் 1969 வரை செய்யப்பட்ட இந்தத் திறந்த மைனர்களில் வேறொரு சிக்கல் உண்டு. கூரையின் முன்பட்டம், அதாவது முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் வந்து அமரும் குறுக்குச்சட்டம், மரத்தாலானது. கச்சான் வீசும் மாதங்களில் மரம் காய்ந்து சுருங்க, திருகாணிகள் இளகிவிடுகின்றன. அவற்றை மேலும் முறுக்கினால் துளைதான் பெருக்கும். மரச்சீவலும் பசையும் வைத்துத் துளையை அடைத்து, மறுபடி திருகாணி ஏற்றுவதே சரியான வழி. மடக்குச் சட்டத்தின் மூட்டுகளில் தேய்மானம் இருந்தால், மெல்லிய நைலோன் வாஷர் போட்டாலன்றி எண்ணெய் மட்டும் போதாது. எண்ணெய் விடும்போதும் மிச்சத்தைத் துடைக்காவிட்டால் கன்வஸ் கறைபட்டுவிடும்.

சட்டக் கம்பிகள் துணியைத் தொடும் இடங்களில் கம்பளித் துணிப்பட்டி வைத்துத் தைக்க, முச்சக்கர வண்டிகளுக்கு ஹூட் தைப்பவர் ஒருவரிடம் கொடுத்தேன். கார் குஷன் வேலை செய்பவர்களைவிட இவர்களுக்குக் கம்பிக்கு மேல் துணியை இழுத்துக் கட்டும் கணக்கு நன்றாகத் தெரியும் என்பது என் அபிப்பிராயம்.

உப்புவெளியிலிருந்து ஓர் உறுப்பினர்:

ரோட்ஸ்டரின் பிளாஸ்டிக் பின்கண்ணாடியைச் சுற்றி ஓடும் சிப்பையும் (பைகளில் இருப்பது போன்ற இழுபூட்டு) பார்த்துக்கொள்ளுங்கள், அண்ணா. என் காரில் கொளுக்கி, பீடிங் எல்லாம் சரியாக இருந்தும் நிற்காமல் வந்த டிக் டிக் என்ற ஒலி, அந்தச் சிப்பின் இழுப்பு நுனி கண்ணாடியில் தட்டியதால் வந்தது. நுனியில் ஒரு துண்டுத் துணி நாடாவைச் சுற்றியதும் நின்றுவிட்டது.