இடது கண்ணாடி முனகுகிறது

(கடலூர் குடும்பக் குழு, சனிக்கிழமை)

நான் (காலை 7.12): சித்தப்பா, காரில் பின்னால் வருவதைப் பார்க்கிற இடது பக்கக் கண்ணாடி அசையவில்லை. சுவிட்சை அழுத்தினால் உள்ளே 'உர்ர்' என்று முனகுகிறது, அவ்வளவுதான். சர்வீஸில் கேட்டால் முழு செட்டும் மாற்ற வேண்டுமாம். 9,000 ரூபாய்!

மஞ்சக்குப்பம் சித்தப்பா: பணத்தைக் கட்டிவிடாதே. சத்தம் வருகிறது என்றால் ஃப்யூஸ், ஒயர், சுவிட்ச் எல்லாம் சரி. மோட்டார் சுற்றுகிறது, பிளாஸ்டிக் பல்சக்கரம்தான் வழுக்குகிறது போல.

புதுவை அக்கா: எங்கள் வண்டியில் சத்தமே வரவில்லை. கழற்றிப் பார்த்தால் ஒயர் செருகுகிற கனெக்டர் முழுக்கப் பச்சை பூத்துக் கிடந்தது. வைத்திக்குப்பத்தில் வீடு, உப்புக் காற்று சும்மா விடுமா?

சித்தப்பா: அது வேறு கதை. டேய், கண்ணாடியின் ஒரு ஓரத்தை மெதுவாக உள்ளே அழுத்து, எதிர் ஓரம் வெளியே வரும். ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டி, பிளாஸ்டிக் பட்டையை அந்த இடுக்கில் செருகி நெம்பு. ஸ்க்ரூ டிரைவர் வேண்டவே வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னால் அதைச் சூடாக்குகிற ஹீட்டர் ஒயர் இருந்தால் ஒயரைப் பிடித்து இழுத்துவிடாதே, முனையைப் பிடித்து மெதுவாகக் கழற்று.

நான் (10.40): 'டக்' என்று கழன்றது. எனக்கு உயிரே போய்விட்டது. உள்ளே வட்டமாக ஒரு கறுப்புப் பெட்டி, மூன்று ஸ்க்ரூ.

சித்தப்பா: அதற்குள் இரண்டு குட்டி மோட்டார் இருக்கும். ஒன்று மேலே கீழே, இன்னொன்று இடம் வலம். பெட்டியோடுதான் வாங்க வேண்டும். கடையில் பழையதைக் காட்டி, கனெக்டரில் கம்பி முனை (pin) எத்தனை என்று எண்ணிப் பார்த்து வாங்கு. கண்ணாடியை மடக்குகிற மோட்டாரைத் தலையில் கட்டிவிடப் போகிறார்கள். அது அடியில் இருக்கும் வேறு சாமான்.

நான் (மதியம் 1.05): 1,400க்குக் கிடைத்தது. பழையதைப் பிரித்துப் பார்த்தேன். சில்வர் பீச்சில் ஒரு பக்கம் கடித்துப் போட்ட சோளம் மாதிரி இருக்கிறது பல்சக்கரம்!

சித்தப்பா: கண்ணாடியை மாட்டும் முன் கனெக்டரைச் செருகி நாலு பக்கமும் ஓட்டிப் பார். அப்புறம் துணி வைத்து, நடுவில் உள்ளங்கையால் அழுத்து. ஓரத்தில் அழுத்தினால் விரிசல்தான். அது சரி, பல் உடையும்படி கண்ணாடியைக் கையால் திருப்பியது யார்?

நான் (1.40): மாட்டியாச்சு, ஓடுகிறது. யார் என்று நான் சொல்ல மாட்டேன்.

பெரியம்மா: நான்தான். பாடலீசுவரர் கோயில் வாசலில் பொட்டு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். அதற்கா இத்தனை கலாட்டா?

சித்தப்பா: அண்ணி, சீட்டுக்கு மேலே வெயிலை மறைக்கிற மடக்குப் பலகையில் ஒரு கண்ணாடி இருக்கிறதே! பக்கக் கண்ணாடி குவிந்தது, முகம் சின்னதாகத்தானே தெரியும்?

பெரியம்மா: சின்னதாக இருந்தாலும் முழு முகமும் தெரிகிறது, தோடும் தெரிகிறது. உங்கள் பலகையில் மூக்குதான் தெரிகிறது.