ஒன்பதாம் கேள்வி: இலவச மனநல முகாம் அனுபவங்கள்

மேசையோரம்:
பிஎச்கியூ-9: மனச்சோர்வைக் கண்டறிய, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி கேட்கும் படிவம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டல் 10-ஐத் தொட்டால் உள்ளே ஆலோசகரிடம், இல்லையென்றால் துண்டுப்பிரசுரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பு. அதுதான் ஏற்பாடு. ஒருவர் நீட்டிய தாளில் மொத்தம் 5. தன்னார்வலர் துண்டுப்பிரசுரம் கொடுத்தார், அவரும் எழுந்துவிட்டார். தாளை அடுக்கும்போதுதான் கண்ணில் பட்டது: அந்த 5-இல் 2, ஒன்பதாம் கேள்வியில். செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம், பாதி நாளுக்கு மேல். வாசல் தாண்டுவதற்குள் கூப்பிட்டாயிற்று. மற்ற எட்டையும் பூசி மெழுகியவர் அங்கே மட்டும் உள்ளதைப் போட்டிருந்தார். கூட்டும் முன் கடைசி வரியைப் பார் என்று பயிற்சியில் முதலில் சொன்னால் என்ன?

நிழல்மரம்:
கோளாறு கூட்டலில் இல்லை, தாளைக் கையில் கொடுத்ததில். வாசிக்கத் தெரியாத அம்மாவுக்கு மகன் வாசித்தார். ஒன்பதாவது வந்ததும் "இதெல்லாம் உனக்கு ஏதும்மா" என்று அவரே 0-வில் டிக் அடித்தார். அம்மா பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு? கூட வந்தவரை முகவரி எழுத வேறு மேசைக்கு அனுப்பிவிட்டு வாயால் கேட்க வேண்டும்.

மறுஅழைப்பு:
இரண்டு பேரும் முகாம் நாளோடு நிறுத்திவிடுகிறீர்கள். முகாமுக்கு வந்த ஒரு பெண்ணுக்கு, எப்படி இருக்கிறார் என்று கேட்க மூன்றாம் நாள் போன் போனது. எடுத்தவர் கணவர். "மனநல முகாமிலிருந்து பேசுகிறோம்" என்றார் தன்னார்வலர். அதன்பின் அந்த எண் எடுக்கப்படவே இல்லை.

மறுபடி கூப்பிடுவதற்கான சீட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்த எண், எந்த நேரம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது. மூன்றையும் அவரையே சொல்லச் சொல்லுங்கள். ஒன்பதில் 1 இருந்தாலே அப்போதே கேட்க வேண்டியவை: எப்படி என்று யோசித்தீர்களா, அதற்கானது வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, எப்போது என்று நினைத்தீர்களா, முன்பு முயன்றதுண்டா. கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்ற பயம் வேண்டாம், அப்படி வருவதில்லை. திட்டமும் வழியும் கையில் இருந்தால் தனியே விடாதீர்கள், மருத்துவரிடம் ஒப்படைக்கும்வரை ஒருவர் கூடவே இருக்கட்டும். மருந்தோ பூச்சிக்கொல்லியோ வீட்டில் இருந்தால் யார் எடுத்துப் பூட்டுவது என்று பெயரோடு முடிவு செய்யுங்கள். "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் ஒருவரும் பூட்டமாட்டார்கள். நாற்காலிகளை எதிரெதிராகப் போடாமல் சற்றுச் சாய்த்துப் போடுங்கள். வரிசையில் நிற்பவர் காதுக்குக் கேட்காத தூரம் இல்லாவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டாம், முதலில் இடத்தை மாற்றுங்கள்.

மேசையோரம்:
நாற்காலியைப் பற்றி யார் கேட்டது? போன் விஷயம் சரி.

பத்துக்குமேல்:
எதிர்ப்பக்கமும் நடக்கிறது. பிரசவமாகி இரண்டு வாரம். தூக்கம் 3, சோர்வு 3, பசி 2, கவனம் 2. கூட்டல் 10, உள்ளே அனுப்பிவிட்டார்கள். "ராத்திரி பிள்ளை தூங்க விடலைங்க, வேற ஒண்ணுமில்லை" என்று சிரித்தார். முதல் இரண்டு கேள்வியும் (நாட்டமின்மை, மனச்சோர்வு) 0. அந்த இரண்டும் 0-வாக இருந்தால் தைராய்டு, இரத்தசோகை, கைக்குழந்தை என்று விசாரித்துவிட்டு உள்ளே அனுப்புங்கள்.

இதையெல்லாம் தன்னார்வலர் செய்யலாமா என்று இழுப்பவர்களுக்கு: ஜிம்பாப்வேயின் ஹராரேயில் 'நட்பு பெஞ்ச்' என்ற மனநல ஆலோசனைத் திட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவது பயிற்சி பெற்ற பாட்டிமார். ஆம்-இல்லை என்று 14 கேள்வி கேட்கிறார்கள். 2016-இல் வெளியான ஆய்வில் 573 பேர். ஆறு மாதம் கழித்து, பெஞ்சுக்கு வந்தவர்களுக்கு அறிகுறிகள் மற்றவர்களைவிடக் குறைவு. அந்தப் பாட்டிமாருக்கும் மேலே கேட்க ஒரு மேற்பார்வையாளர் உண்டு. உங்கள் முகாமில் அந்த ஆள் யார், மாலை ஆறுக்குப் பின் போனை எடுப்பாரா?