கிரிஃபித்சின் – மேனோஸ் டாக்கிங், தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் மக்களே, காட்பாடியில் எம்.எஸ்சி. பயோடெக் படிக்கிறேன், புராஜெக்ட் வைரஸை மடக்கும் லெக்டின்கள் (சர்க்கரையைப் பிடிக்கும் புரதங்கள்) பற்றியது. எச்.ஐ.வி.யின் மேற்பரப்பில் உள்ள ஜிபி120 புரதத்தைச் சுற்றி மேனோஸ் சர்க்கரைக் கிளைகள் அடர்த்தியாக இருக்கின்றன இல்லையா, செம்பாசியில் கிடைத்த கிரிஃபித்சின் என்ற லெக்டின் அந்தக் கிளை நுனிகளைப் பிடித்துக்கொள்வதால்தான் வைரஸ் செல்லுக்குள் நுழைய முடிவதில்லை. ஒரு மூலக்கூறில் மூன்று பிடிப்பிடங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஆஸ்பார்டிக் அமிலம் (புரதச் சங்கிலியில் 30, 70, 112-ஆவது இடங்கள்) மேனோஸோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடுகிறது, இந்தப் புரதம் இரண்டு மூலக்கூறு சேர்ந்த இரட்டையாகவே இருப்பதால் மொத்தம் ஆறு பிடிப்பிடங்கள். தனித்தனியாகப் பார்த்தால் பிடி ரொம்ப லேசு. வேட்டியில் ஒட்டிய ஒட்டுப்புல் மாதிரி, ஒன்று என்றால் தட்டிவிடலாம், மொத்தமாக ஒட்டினால் முடியாது.

என் சிக்கலும் அங்கேதான். ஒற்றை மேனோஸை வைத்து டாக்கிங் (கம்ப்யூட்டரில் புரதத்தோடு பொருத்திப் பார்ப்பது) செய்தால், பிடி எவ்வளவு வலு என்று காட்டும் ஸ்கோர் பரிதாபமாக வருகிறது. சரி என்று ஒன்பது மேனோஸ் உள்ள முழுக் கிளையை வைத்தால் சுழலும் பிணைப்புகள் ஏகப்பட்டது, ஒவ்வொரு ரன்னிலும் வேறு வேறு நிலையில் போய் உட்காருகிறது. நுனி மேனோஸை கிரிஸ்டல் அமைப்பில் உள்ளபடி பொருத்திவிட்டு மீதியை மாலிகுலர் டைனமிக்ஸில் (அணுக்களின் அசைவைக் கணக்கிடும் சிமுலேஷன்) விடலாமா? அப்புறம் நான் ஒப்பிட நினைக்கும் இன்னொரு லெக்டினான சயனோவிரின் ஒற்றை மேனோஸைப் பிடிக்காது, ஆல்ஃபா 1-2 என்ற பிணைப்பால் இணைந்த இரண்டு வேண்டும். அப்படியென்றால் இரண்டு புரதங்களின் ஸ்கோரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே தப்போ என்று தோன்றுகிறது.

கைடைக் கேட்டால் பேப்பரைப் படி என்கிறார். வேலூர், ராணிப்பேட்டை பக்கம் கிளைக்கன் (சர்க்கரைக் கிளை) மாடலிங் செய்த அண்ணன், அக்கா யாராவது இருந்தால் சொல்லுங்கள், லேப்டாப்போடு நேரிலேயே வந்துவிடுகிறேன்.