புதுப்பிப்பு: ஒடேசா வேலைக்கு இப்போதைக்குப் போகவில்லை
உக்ரைனின் ஒடேசா துறைமுகத்தில் கப்பல் சரக்குக் கணக்கு வேலை, குன்னூரை விட்டுப் போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். சம்பளத்தைப் பார்த்துப் பலர் போகச் சொன்னீர்கள்.

நேற்று அங்குள்ள மேனேஜருடன் வீடியோ காலில் பேசினேன். நடுவில் வான்தாக்குதல் எச்சரிக்கை சைரன். மனிதர் பதறவே இல்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஜன்னலில்லாத நடையில் போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து விடுப்புக் கணக்கைத் தொடர்ந்தார். வெளிப்பக்கத்துக்கும் நமக்கும் நடுவில் இரண்டு சுவர் இருக்க வேண்டுமாம். அந்த நிதானம்தான் என் வயிற்றைக் கலக்கியது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா போர் தொடங்கியதுமே உக்ரைனுக்குப் பயணிகள் விமானம் நின்றுவிட்டது. பக்கத்து நாடான மால்டோவாவில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். 2023 ஜூலையில் உக்ரைன் தானியத்தைக் கருங்கடல் வழியாகக் கப்பலில் அனுப்ப விட்ட ஒப்பந்தத்திலிருந்து ரஷ்யா விலகியதும் துறைமுகத்தையே குறிவைத்து அடித்தார்கள்.

வீட்டிலிருந்தே ஆறு மாதம் பார்க்கிறேன் என்று கேட்டிருக்கிறேன். மழைக்கு இங்கேயும் கரண்ட் போகும், அதையும் சொல்லிவிட்டேன். சிரித்தார்.