4 மி.மீ. பிளைவுட்டில் பாய் கட்டி ஓட்டும் கேனோ: எடை எங்கே கூடுகிறது?

கரைமேல் (கேள்வி)

வணக்கம். 4.2 மீட்டர் நீளம், 80 செ.மீ. அகலத்தில் ஒரு கேனோ கட்டப் போகிறேன். பக்கத்துக்கு மூன்று பலகைப் பட்டைகள். செம்புக் கம்பியால் தைத்து, உள்மூலைகளை ரெசினால் நிரப்பி ஒட்டும் முறை. துடுப்பும் போட வேண்டும், 4 சதுர மீட்டர் முக்கோணப் பாயும் கட்ட வேண்டும். ஒரே ஆள் தோளில் தூக்கிப்போகும் எடை இருந்தால்தான் எனக்குப் பயன்.

மூன்று சந்தேகங்கள். 4 மி.மீ. போதுமா, இல்லை பாய்க்காக 6 மி.மீ. போடணுமா? 2.44 மீட்டர் பலகையை 4.2 மீட்டருக்கு நீட்டும் இணைப்பு எப்படி இருக்க வேண்டும்? எப்பாக்ஸிக்குப் பதில் பாலியெஸ்டர் ரெசின் ஆகுமா?

உளிச்சத்தம்

4 மி.மீ. போதும். இந்த வகைப் படகின் விறைப்பு பலகைத் தடிமனில் மட்டும் இல்லை; பட்டைகள் கோணமாகச் சேரும் மூலைகள், மேல்விளிம்புக் கட்டைகள், குறுக்குச் சட்டங்கள் எல்லாம் சேர்ந்துதான் அதைத் தருகின்றன. பாயின் விசை உடல் முழுக்கப் பரவுவதில்லை. பாய்மரம் நிற்கும் குழி, பாய்மரத்தைத் தாங்கும் குறுக்குப் பலகை, பக்கப் பலகை (காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளாமல் இருக்கப் பக்கத்தில் நீருக்குள் இறக்கும் பலகை) பொருந்தும் இடம் ஆகிய மூன்று இடங்களில்தான் இறங்குகிறது. அங்கே மட்டும் உள்ளே இன்னொரு அடுக்கு ஒட்டுங்கள்.

எடைக் கணக்கைப் பாருங்கள். ஒகூமே என்ற லேசான ஆப்பிரிக்க மரத்தில் 4 மி.மீ. முழுப் பலகை ஒன்று ஏறக்குறைய 6 கிலோ. மூன்று பலகை வாங்கினால் வெட்டியது போக 12, 13 கிலோ படகில் நிற்கும். மேல்விளிம்புக் கட்டை, 18 × 18 மி.மீ. அளவில் உள்ளும் புறமும் சேர்த்து, இரண்டரை கிலோ. காற்றறை, இருக்கை, குறுக்குச் சட்டம் இன்னொரு இரண்டரை. மீதி முழுவதும் ரெசினும் கண்ணாடி இழைத் துணியும். கவனமாகச் செய்தால் அது ஆறு கிலோவுக்குள் அடங்கி, படகு 24 கிலோ அளவில் நிற்கும். கவனமில்லாமல் ஊற்றினால் அந்த ஆறு பன்னிரண்டாகிவிடும். 6 மி.மீ. பலகை போட்டாலும் ஏறுவது இதே ஆறு கிலோதான். ஆகவே பலகைத் தடிமனைப் பற்றிக் கவலைப்படுவதைவிட ரெசின் டப்பாவைக் கவனியுங்கள்.

பி.எஸ். 1088 (படகுப் பிளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தர எண்) என்ற முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். அந்த எண்ணை யாரும் அச்சடிக்கலாம். ஒரு துண்டை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, காய்ந்ததும் வளைத்து ஒடியுங்கள். அடுக்கு பிரிந்தால் அந்தப் பலகை வேண்டாம். வெட்டிய விளிம்பில் உள் அடுக்கில் ஓட்டை தெரிகிறதா என்றும் பாருங்கள். 4 மி.மீ. பலகையில் இருப்பதே மூன்று அடுக்கு. நடுவில் இடைவெளி இருக்கும் இடத்தில் வளைக்கும்போதே முறியும்.

நீட்டிப்புக்குச் சாய்வு இணைப்பு: சாய்வின் நீளம் தடிமனைப்போல் எட்டு மடங்கு, அதாவது 32 மி.மீ. பலகைகளைப் படிக்கட்டுபோல் 32 மி.மீ. தள்ளித் தள்ளி அடுக்கி, இழைப்புளியால் எல்லாவற்றையும் ஒரே சரிவாக இழைத்துவிடலாம். அடுக்குகளின் கோடுகள் நேராகத் தெரிந்தால் சரிவு சமமாக வந்திருக்கிறது என்று பொருள். ஒட்டுமுன் இரு முகங்களிலும் வெறும் ரெசின் பூசி, மரம் குடிப்பது வரை விட்டு, பிறகே பொடி கலந்து கெட்டியாக்கிய ரெசின் கலவையைப் பூசுங்கள். இந்த முதல் பூச்சை விட்டால் மரத்தின் வெட்டுமுனை பசையை உறிஞ்சி, இணைப்பு வறண்டுவிடும். இறுக்கிப் பிழிந்தாலும் அதே கதி.

பதம்பார்ப்பவர்

ரெசின் விஷயத்துக்கு வருகிறேன்.

1960-களின் தொடக்கத்தில் ஜாக் ஹோல்ட்டும் பேரி பக்னலும் வடிவமைத்த மிரர் என்ற 3.3 மீட்டர் பாய்ப்படகுதான் இந்தத் தையல் முறையைப் பரப்பியது. அதில் பாலியெஸ்டரும் கண்ணாடி இழை நாடாவும்தான். எழுபதாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டன. ஆகவே பாலியெஸ்டர் ஆகவே ஆகாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது மரத்தை எப்பாக்ஸி அளவுக்குப் பிடிக்காது. ஈரம் ஏறினால் நாடா உரிந்து வரும். சாய்வு இணைப்புக்கு அது பசையே அல்ல. 4 மி.மீ. பலகையில் மூலை ஒட்டுதான் உயிர். எப்பாக்ஸியே போடுங்கள்.

பாலியெஸ்டர் பழகியவர்கள் செய்யும் பெரிய தவறு: சீக்கிரம் காய ஹார்ட்னரை (ரெசினை இறுகவைக்கக் கலக்கும் திரவத்தை) கூட்டுவது. எப்பாக்ஸியில் ரெசினும் ஹார்ட்னரும் குறிப்பிட்ட அளவில்தான் இணையும். எது மிஞ்சினாலும் கெட்டியாகாமல் உள்ளேயே தங்கி ஒட்டைப் பலவீனப்படுத்தும். வேகம் வேண்டுமானால் வேகமான ஹார்ட்னர் வாங்க வேண்டும். டப்பாவில் போட்ட விகிதம் கன அளவுக்கா எடைக்கா என்று பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. ஒரு தடவைக்கு 150 மி.லி.க்கு மேல் கலக்காதீர்கள். ஆழமான குவளையில் தன் சூட்டிலேயே கொதித்துக் கட்டியாகும். கலந்ததும் அகலத் தட்டில் ஊற்றிவிட்டால் நேரம் கிடைக்கும்.

வேலை வரிசை இது. விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே 2 மி.மீ. துளைகள், நேரான இடத்தில் 100 மி.மீ. இடைவெளி, முனைகளில் 50. கம்பியைத் தளர்வாக முறுக்கி முழு உடலையும் சேர்த்த பிறகே இறுக்குங்கள். முன்னாலும் பின்னாலும் குறுக்கே ஒரு நேர்க்கட்டை வைத்து, ஒரு முனையிலிருந்து பார்த்தால் இரண்டும் இணையாகத் தெரிய வேண்டும். முறுக்கு இருந்தால் இப்போதே எடுங்கள். மூலை நிரப்பி இறுகியபின் எந்தச் சக்தியாலும் எடுக்க முடியாது, அந்தப் படகு கடைசிவரை ஒரு பக்கமே இழுக்கும்.

கம்பிகளுக்கு இடையில் மட்டும் பொட்டுப் பொட்டாக ஒட்டி, இறுகியதும் கம்பியை உருவுங்கள். சிக்கிக்கொண்டால் சால்டரிங் அயர்னை அதன் மேல் வைத்துச் சூடாக்கினால் வந்துவிடும். பிறகு மூலை முழுக்க நிரப்பு: மரத்தூளும் சிலிக்காப் பொடியும் கலந்து பற்பசைப் பதத்தில், 15 மி.மீ. ஆரமுள்ள உருண்டை முனைக் கட்டையால் ஒரே இழுப்பு. வழிந்ததை உடனே சுரண்டி எடுங்கள். அது மென்மையாக இருக்கும்போதே 75 மி.மீ. நாடாவை மேலே படியவைத்தால் தேய்க்கும் வேலை மிச்சம், ரெசினும் மிச்சம்.

வெளிப்புறத் துணி சதுர மீட்டருக்கு 200 கிராம் போதும். நனைந்த துணி கண்ணாடிபோல் தெளிந்து, நெசவு மேலே தெரிய வேண்டும். பளபளவென்று மிதந்தால் ரெசின் கூடுதல். ரப்பர் தகட்டால் வழித்தெடுங்கள். எடை கூடுவது இந்த இடத்தில்தான். துணியின் எடை எவ்வளவோ, நனைக்கும் ரெசினும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கலாம். நெசவை மறைக்க மேலே இரண்டு மெல்லிய பூச்சு, உருளையால்.

காலைவெயில் ஏறும் நேரத்தில் பூசாதீர்கள். மரம் சூடாக ஆக உள்ளிருக்கும் காற்று விரிந்து குமிழாக வெளிவரும். வெப்பம் இறங்கும் மாலைதான் சரி. ஈரக்காற்றில் இறுகிய பூச்சின்மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். தேய்க்கும் முன் தண்ணீரும் சொரசொரப்பான பஞ்சும் கொண்டு கழுவுங்கள். கழுவாமல் தேய்த்தால் அது உள்ளே அமுங்கி, மேலே அடிக்கும் வார்னிஷ் காயாது. வார்னிஷை விட்டுவிடவும் கூடாது: வெயில் எப்பாக்ஸியைச் சிதைக்கும்.

கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தோலில் பட்டதைத் தின்னர் போட்டுத் துடைத்தால் இன்னும் உள்ளே போகும். பாதி இறுகியதைத் தேய்க்கும் தூசுதான் மிக மோசம். ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் இந்தக் கைவேலையையே விட வேண்டியதாகும்.

கரைமேல்

இருவருக்கும் நன்றி. 4 மி.மீ., எப்பாக்ஸி என்று முடிவு. பாய் பற்றி யாராவது சொல்லுங்களேன். பக்கப் பலகையை எங்கே பொருத்துவது?

வாடைக்காற்று

முக்கோணப் பாயின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் எதிர்ப்பக்கத்தின் நடுவுக்குக் கோடு போடுங்கள். கோடுகள் வெட்டும் இடம் பாயின் மையம். நீரில் இறங்கிய பக்கப் பலகையின் மையம் இதற்கு நேர் கீழேயோ, 10 செ.மீ. பின்னாலோ இருக்கட்டும். படகு சாயும்போது பாயின் இழுவிசை ஒரு பக்கம் விலகி, படகைக் காற்றை நோக்கித் திருப்பப் பார்க்கும். அதை ஈடுகட்டத்தான் பலகையைச் சற்றுப் பின்னால் வைப்பது.

ஓட்டும்போது படகு ஓயாமல் காற்றுக்குள் மூக்கை நுழைத்தால், சுக்கானோடு மல்லுக்கட்டாமல் பலகையைப் பின்னால் நகர்த்துங்கள், அல்லது பாயை முன்னால். காற்றைவிட்டு விலகி ஓடினால் நேர் எதிர். இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் பிடி நழுவினால் படகு நிற்காமல் ஓடும்.

அளவு: நீருக்குள் 25 × 60 செ.மீ., தடிமன் 18 மி.மீ., முன்விளிம்பு உருண்டையாக, பின்விளிம்பு மெலிதாக. பலகை படகின் நடுக்கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் பிரேக் போட்டதுபோல் இழுக்கும். பக்கச்சுவர் சாய்ந்திருப்பதால் ஆப்பு வடிவக் கட்டை வைத்துச் சரிசெய்யுங்கள்.

80 செ.மீ. அகலத்துக்கு 4 சதுர மீட்டர்தான் உச்சம். காற்றின் வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்கு. பாயைச் சுருக்கிக் கட்ட ஒரு வரிசைக் கயிறு தைத்துவிடுங்கள். பாய்க்கயிற்றை ஒருபோதும் முடிந்து வைக்காதீர்கள், கையிலேயே இருக்கட்டும்.

முன்பின் காற்றறைகளை மறக்க வேண்டாம். ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோ மிதப்பு. முனைக்கு 80 லிட்டர் வைத்தால் கவிழ்ந்த படகு உயரமாக மிதக்கும், உள்ளே ஏறித் தண்ணீரை இறைக்க முடியும். மூடியைக் கரையேறியதும் திறந்து வையுங்கள். பூட்டிய ஈரம் பலகையை உள்ளிருந்து அழிக்கும்.

கரைமேல்

பலகைக்குப் போல்ட் துளையை இப்போதே போட்டுவிடலாமா, பூச்சுக்கு முன்?

வாடைக்காற்று

வேண்டாம். முதலில் பக்கப் பலகையை இறுக்கியால் (கிளாம்ப்) மேல்விளிம்பில் பிடித்து, மிதமான காற்றில் ஓட்டி, ஐந்து ஐந்து செ.மீ.யாக நகர்த்திப் பாருங்கள். சுக்கான் பிடித்த கையில் லேசான அழுத்தம் மட்டும் தெரியும் இடத்தைக் குறித்துக்கொண்டு, தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, கெட்டி எப்பாக்ஸியால் அடைத்து, இறுகியதும் அதன் நடுவில் போல்ட் அளவுக்குத் துளையிடுங்கள். அப்போதுதான் தண்ணீர் பிளைவுட்டின் உள்அடுக்கைத் தொடாது.