சார் வரைந்த குடமுருட்டி

ஆளாளுக்குத் தங்கள் ஆசிரியரைப் பற்றி எழுதுவதைப் படித்ததும் எனக்கும் என் ஓவிய சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படித்தவன் நான். மகாமகக் குளம், காவிரிப் படித்துறை என்று பலகையைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவோம். படிப்பு முடிந்ததும் திருச்சியில் ஃபிளெக்ஸ் டிசைன் வேலை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. பதினோரு வருஷம் பிரஷ்ஷைத் தொடவில்லை. தொடவேண்டும் என்று தோன்றக்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

போன வருஷம் சித்திரையில், தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க, எனக்கு வாட்டர்கலர் சொல்லிக்கொடுத்த சார் வீட்டுக்குப் போனேன். திருவையாறு பக்கம். தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி ஆறு என்று ஒவ்வொரு பாலமாகத் தாண்டும்போதும் கீழே வெறும் மணல்தான். இதில் வரைய என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

சார் காபி கொடுத்துவிட்டு அலமாரியிலிருந்து ஒரு கட்டு படங்களை எடுத்துத் தரையில் பரப்பினார். எல்லாமே குடமுருட்டியில் ஒரே படித்துறை! ஆடியில் நுங்கும் நுரையுமாகத் தண்ணீர், ஐப்பசி மழையில் கரை தெரியாத ஆறு, மார்கழிப் பனியில் பாதி கரைந்துபோன தென்னைகள். அக்கரை வயலின் பச்சை ஒவ்வொன்றிலும் வேறு. நாற்றங்காலுக்கு மஞ்சள் தூக்கலாக, நட்டுப் பச்சை கட்டிய பயிருக்கு நீலம் கூடுதலாக, கதிர் முற்றும்போது எல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள் கலந்து. ட்யூபில் வரும் பச்சையை அவர் அப்படியே வைத்ததே இல்லை, எங்களையும் வைக்கவிட்டதில்லை.

ஒரு படத்தில் கண் நின்றுவிட்டது. கோடை. முக்கால்வாசி வெறும் காகிதம், அதுதான் மணல். அதன் குறுக்கே மாட்டுவண்டித் தடம், அதற்குள் மட்டும் லேசான ஊதா நிழல். நான் பஸ்ஸிலிருந்து பார்த்த அதே மணல்தான், ஆனால் காகிதத்தைப் பார்க்கும்போதே உச்சிவெயில் கண்ணைக் கூசியது. "ஏன் சார் ஒரே இடம்?" என்று கேட்டேன். "இன்னும் இந்த மணல் சரியா வரலப்பா" என்றார். அவ்வளவுதான், அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கிளம்பும்போது நாலு தாள் ஹேண்ட்மேட் பேப்பர் சுருட்டிக் கொடுத்தார்.

மேட்டூர் அணையை ஜூன் 12 திறந்தால் மூன்று நாலு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். அந்தத் தண்ணீர் குடமுருட்டிக்கு வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ் பிடித்து அதே படித்துறையில் போய் உட்கார்ந்தேன். கை நடுங்கியது. முதல் மூன்று தாளும் சேறாகிவிட்டன, நாலாவதில் வானம் மட்டும் நன்றாக வந்தது, அன்று முழுக்க அதையே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரி சாருக்குப் போட்டோ அனுப்பினேன்.

"வானம் நல்லா இருக்கு. தண்ணிதான் நீலமா இருக்கு, புதுத்தண்ணி அப்படி இருக்காதே. அடுத்த வாரம் வா, சேர்ந்து போலாம்" என்று பதில் வந்தது.